வாசிக்கத் திணறும் பிள்ளைக்குத் தமிழ் வாசிப்பு: வீட்டுக்கும் வகுப்புக்குமான முழுமையான வழிகாட்டி

எங்கள் தெரு மாலை வகுப்புக்கு வந்த மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவன், முதல் நாளே தமிழ்ப் பாடத்தில் ஒரு பக்கத்தை மூச்சுவிடாமல் வாசித்தான். கண் மட்டும் மின்விசிறியில் இருந்தது. அதே பக்கத்திலிருந்து ஐந்து சொற்களை ஒரு தாளில் இடம்மாற்றி எழுதிக் கொடுத்தேன். ஒன்றுகூட வரவில்லை. கூட நின்ற அவன் அம்மா, "வீட்ல நல்லாத்தான படிக்கிறான்" என்றார். அவர் சொன்னது பொய்யில்லை. ஒப்பிப்பதும் வாசிப்பதும் காதுக்கு ஒன்றுபோலத்தான் கேட்கும்.

இரண்டாம் வகுப்பிலிருந்து ஐந்தாம் வகுப்பு வரை, எழுத்து ஓரளவு தெரிந்தும் வாசிப்பு ஓடாத பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். படிகளின் வரிசையை மாற்றாதீர்கள். புதிதாகச் சொல்லித்தர வருகிறவர்கள் தடுமாறுவது பெரும்பாலும் முறை தெரியாமல் இல்லை. நான்காம் படியில் நிற்க வேண்டிய பிள்ளையை ஒன்பதாம் படிக்கு இழுப்பதால்தான்.

தொடங்கும் முன்

கையில் இருக்க வேண்டியவை கொஞ்சம்தான்: ஒரு கோடு போடாத நோட்டு, தடித்த பேனா, பழைய கல்யாணப் பத்திரிகைகள் நாலைந்து (அந்த அட்டை நன்றாக உழைக்கும்), கத்தரிக்கோல். தினமும் 15 நிமிடம். ஞாயிற்றுக்கிழமை சேர்த்து இரண்டு மணி நேரம் உட்கார வைப்பது இதற்கு ஈடாகாது. நேற்றுப் பழகியது மறப்பதற்குள் இன்று மறுபடி கண்ணில் பட வேண்டும்.

பள்ளி விட்டு வந்ததும் ஆரம்பிக்காதீர்கள். பசியோடு இருக்கும் பிள்ளைக்கு எல்லா எழுத்தும் ஒன்றுதான். ஏதாவது தின்று, ஒரு ஆட்டம் ஆடிவிட்டு வரட்டும்.

இன்னொன்று: முதல் ஒரு மாதம் வாசிப்புப் பயிற்சிக்குப் பாடப்புத்தகம் வேண்டாம். வீட்டுப்பாடம் தனியாக நடக்கட்டும். பாடப்புத்தகம் ஏற்கெனவே மனப்பாடம் ஆகியிருக்கும், அல்லது பயமாகியிருக்கும். இரண்டுமே இங்கே உதவாது.

1. எந்த இடத்தில் நிற்கிறது என்று பாருங்கள்

பிரதம் என்ற கல்வித் தொண்டு அமைப்பு 2005 முதல் நாடு முழுக்க நடத்தும் அசர் கணக்கெடுப்பில் ஓர் எளிய சோதனை உண்டு. எழுத்து, சொல், பத்தி, கதை என நான்கு நிலை. அதையே ஒரு தாளில் நீங்களே தயார் செய்யலாம். பத்து எழுத்து, பத்துச் சின்னச் சொல், நாலு வரிப் பத்தி ஒன்று, எட்டுப் பத்து வரிக் கதை ஒன்று.

பத்தி இப்படி இருந்தால் போதும்: "மீனா கடைக்குப் போனாள். அங்கே ஒரு நாய் படுத்திருந்தது. மீனா அதற்கு ரொட்டி போட்டாள். நாய் வாலை ஆட்டியது."

பத்தியிலிருந்து தொடங்குங்கள். தடுமாறாமல் வந்தால் கதை. வராவிட்டால் சொல்லுக்கு இறங்குங்கள். ஏதாவது ஐந்து சொல்லில் குறைந்தது நான்காவது சரியாக வரவில்லை என்றால் எழுத்துக்கு இறங்குங்கள். எழுத்தில் ஆரம்பித்தால், ஓரளவு வாசிக்கும் பிள்ளை "இது சின்னப் பசங்களுக்கு" என்று முகத்தைத் திருப்பிக்கொள்ளும். நடுவில் ஆரம்பித்தால் யாருக்கும் அவமானம் இல்லை.

சோதிக்கும்போது திருத்தாதீர்கள். "ம்" மட்டும் கொட்டுங்கள். சொன்ன தவறை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். "தப்பு" என்று மட்டும் குறித்தால் பிறகு பயன்படாது. "கொடி" என்பதை "கெரடி" என்று ஒரு குழந்தை வாசித்தால், அந்த ஒரு தவறு உங்களுக்கு இரண்டு செய்தி சொல்கிறது: கொம்பும் காலும் சேர்ந்து ஒரே ஒலி என்பது தெரியவில்லை, துணைக்காலை ர என்று நினைத்திருக்கிறது. கவனம் இல்லாமல் வந்த பிழை இல்லை இது. பார்த்ததைப் பார்த்தபடி வாசித்ததால் வந்த பிழை.

2. எழுத்தின் பெயரை விட்டு ஒலிக்கு வாருங்கள்

"அம்மா" என்று எழுதிக் காட்டினால், "ஆனா, இம்மன்னா, மாவன்னா" என்று சொல்லிவிட்டு அப்படியே நிற்கும் பிள்ளைகள் நிறைய. மூன்று பெயரையும் சேர்த்துப் பாருங்கள், உங்களுக்கும் அம்மா வராது.

எழுத்தைக் காட்டும்போது பெயர் வேண்டாம், ஒலி மட்டும். அ... ம்... மா. இழுத்துச் சொல்லி, இடைவெளியைக் குறைத்துக்கொண்டே வந்து சேர்க்க வேண்டும். முதலில் எழுத்தே இல்லாமல் வாயால் விளையாடுங்கள்: "நான் க... டல் என்கிறேன், சேர்த்துச் சொல்லு." "படம், இதில் 'ப'வை எடுத்துட்டா?" காதால் பிரிக்கவும் சேர்க்கவும் வராத குழந்தைக்குக் கண்ணால் வராது. இது மூன்று நாள் விளையாட்டு. வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டே செய்யலாம்.

புள்ளியையும் இங்கேயே பிடித்துவிடுங்கள். ம, ம் இரண்டையும் அட்டையில் எழுதி மாற்றி மாற்றிக் காட்டுங்கள். புள்ளியைப் பார்த்ததும் வாய் மூட வேண்டும். "மரம்" என்பதை "மரம" என்று வாசிக்கும் பிள்ளைக்கு வேறு எதுவும் சொல்லித்தர வேண்டியதில்லை, இதைத் தவிர.

3. 247-ஐ மறந்துவிட்டு எட்டு எழுத்தில் தொடங்குங்கள்

அ முதல் ன் வரை வரிசையாக முடித்துவிட்டுத்தான் சொல்லுக்குப் போவேன் என்று பிடிவாதம் பிடித்தால் ஓர் ஆண்டு போய்விடும். வரிசை அகராதி பார்க்க உதவும். வாசிக்க உதவாது.

நான் எடுப்பது ப, ட, ம, க, த, ர, ல, வ. கூட ம், ல். இதற்குள்ளேயே படம், மரம், கடல், பகல், பல், கல், வரம், பலம் எல்லாம் வந்துவிடும். முதல் வாரமே பிள்ளை உண்மையான சொல்லை வாசிக்கிறது. அந்த சந்தோஷம்தான் இரண்டாம் வாரத்துக்கு இழுத்துவரும்.

இங்கே ஒரு இடறல் உண்டு. தமிழில் க, ச, ட, த, ப இடத்துக்கு ஏற்ப வன்மையாகவும் மென்மையாகவும் ஒலிக்கும். ஒரு பையன் "பகல்" என்பதை "பக்கல்" என்றே வாசித்தான். அவன் கற்ற "க" அதுதானே! இலக்கணம் சொல்லாதீர்கள். "நிலா எப்போ வரும், ராத்திரியா...?" என்று கேட்டேன். "பகல்லயா" என்றான். "இப்ப வாசி." வாசித்துவிட்டான். தெரிந்த சொல்லாக இருந்தால் நாக்கு தானே திருத்திக்கொள்ளும். அதனால்தான் ஆரம்பத்தில் தெரியாத சொல்லைக் கொடுக்கக்கூடாது என்கிறேன்.

4. குறிகளை ஒவ்வொன்றாக, இந்த வரிசையில்

தமிழ் வாசிப்பு முறிவது பெரும்பாலும் உயிர்மெய்க் குறிகளில்தான். 12 பெட்டி வாய்ப்பாட்டை எழுதவைத்தால் க, கா, கி, கீ என்று பாட்டாகப் பாடும். நடுவில் "கே"வைத் தொட்டுக் கேட்டால், மறுபடி க-விலிருந்து பாடிக்கொண்டு வரும். ஆகவே ஒரு குறி, பல மெய்கள் என்று போங்கள்.

முதலில் துணைக்கால்: பால், கால், வால், பாலம், காகம், மாமா. நீளமான ஒலி என்பதற்குக் கையையும் நீட்டச் சொல்லுங்கள். பல், பால், கல், கால் என்று ஜோடியாகக் காட்டினால் குறி செய்யும் வேலை கண்ணில் படும்.

அடுத்து மேல் கொக்கி: படி, விரல், கரி. அதன் பின் நெடில்.

மூன்றாவது உகரம். இங்கே ஒரு வாரம் கூடுதலாக ஒதுக்குங்கள். மற்றக் குறிகள் எல்லா மெய்க்கும் ஏறக்குறைய ஒரே உருவம், உகரம் அப்படியில்லை. மூன்று கூட்டமாகப் பிரித்துக்கொள்ளுங்கள்:

சு, பு, யு, வு: கீழே இறங்கும் கோடு.
து, நு, ணு, லு, று, னு: வளைந்து மேலே ஏறும் சுழி.
கு, டு, மு, ரு, ழு, ளு: சுற்றி வளையும் வால்.

ஒரு நாளைக்கு ஒரு கூட்டம் மட்டும். மூன்றையும் ஒரே நாளில் கலந்தால் பிள்ளை மூன்றையும் இழக்கும். ஊகாரத்தில் "கூ" தனி உருவம். அதைக் குயிலோடு சேர்த்துத் தனியே சொல்லிக்கொடுங்கள்.

கடைசியில் கொம்புகள். ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் எழுத்துக்கு முன்னால் நிற்கும், ஆனால் ஒலி பின்னால் வரும். இடமிருந்து வலம் வாசி என்று பழக்கிவிட்டு இங்கே மட்டும் மாற்றச் சொல்கிறோம். பிள்ளை குழம்புவது நியாயம்தான். "கொம்பைப் பார்த்தா நிக்காதே, அடுத்த எழுத்தைப் பார்த்துட்டுச் சேர்த்துச் சொல்லு" என்று சொல்லி, செ, டெ, பெ, மெ என்று பழக்குங்கள். அதன் பிறகே கொ, கோ. கொம்பையும் காலையும் சிவப்பு மையிலும் நடு எழுத்தைக் கறுப்பிலும் எழுதினால், இரண்டும் ஒரே குறி என்று எளிதில் பிடிபடும். முன் சொன்ன "கெரடி" குழந்தை இரண்டே நாளில் "கொடி"க்கு வந்தது இப்படித்தான்.

ஔகாரம் அவசரமில்லை. வௌவால் வரும்போது பார்த்துக்கொள்ளலாம். பெரியவர்களே கணினியில் கொம்பு, ள என்று தட்டிவிட்டு அதையே ஔகாரம் என்று நம்பிக்கொண்டிருக்கிறோம்.

5. பிள்ளை பேசியதையே எழுதி வாசிக்கவிடுங்கள்

எழுத்து வந்துவிட்டது, குறி வந்துவிட்டது, ஆனால் வாக்கியம் வரவில்லை. இங்கேதான் பலர் கதைப் புத்தகத்தைக் கொடுத்துக் கெடுக்கிறார்கள். புத்தகத் தமிழ் பிள்ளை பேசும் தமிழ் இல்லை. "சென்றான்" என்று சரியாக வாசித்துவிட்டு, "அப்படின்னா என்னக்கா?" என்று கேட்டவள் உண்டு. அவள் வீட்டில் யாரும் செல்வதில்லை; போகிறார்கள்.

அதனால் நடுவில் ஒரு பாலம் வேண்டும். "இன்னிக்கு என்ன நடந்துச்சு?" என்று கேளுங்கள். சொல்வதைச் சொன்னபடியே பெரிய எழுத்தில் எழுதுங்கள். "எங்க ஆடு நேத்து குட்டி போட்டுச்சு. குட்டிக்கு காது கருப்பு. அது என் சட்டைய தின்னுச்சு." மூன்று வரி போதும். விரல் வைத்து நீங்கள் ஒருமுறை வாசியுங்கள், பிறகு பிள்ளை. பொருள் ஏற்கெனவே தெரியும் என்பதால் முழுக் கவனமும் எழுத்துக்குப் போகும்.

பேச்சுத் தமிழை எழுதினால் பிழையாகப் பழகிவிடாதா என்று ஆசிரியர்கள் கேட்பார்கள். இரண்டு வாரம் கழித்து அதே வரிகளுக்குக் கீழே "எங்கள் ஆடு நேற்றுக் குட்டி போட்டது" என்று எழுதிக் காட்டுங்கள். நாம் பேசுவது இப்படி, புத்தகம் எழுதுவது இப்படி என்று பிள்ளையே சொல்லிவிடும். இந்த நோட்டை எறியாதீர்கள். பல பிள்ளைகள் விரும்பி எடுத்து வாசிக்கும் முதல் புத்தகம் அதுதான்.

6. நீளமான சொல்லை உடைக்கப் பழக்குங்கள்

"பள்ளிக்கூடத்திலிருந்து" என்ற சொல்லைக் கண்டதும் பாதிப் பிள்ளைகள் முதல் எழுத்தை வைத்து ஊகித்து "பள்ளிக்கூடம்" என்று முடித்துவிடும். தமிழில் வால் நீளம். பொருளும் வாலில்தான் மாறுகிறது.

பத்திரிகை அட்டையில் ஒரு சன்னல் வெட்டி, சொல்லின் மேல் நகர்த்துங்கள்: பள்ளி, கூடத்தில், இருந்து. அப்புறம் அட்டையை எடுத்துவிட்டு முழுதாக. ஒரே சொல்லை வாலை மாற்றி எழுதிக் கொடுப்பதும் நல்ல பயிற்சி: வீடு, வீட்டில், வீட்டுக்கு, வீட்டிலிருந்து, வீடுகள். கள், இல், உக்கு, ஐ, ஓடு ஆகியவை ஒரே பார்வையில் பிடிபட்டுவிட்டால் வேகம் தானே கூடும்.

7. தினசரி 15 நிமிடம்: சேர்ந்து வாசிப்பதும் திருத்துவதும்

முதல் ஐந்து நிமிடம் நேற்று வாசித்ததை மறுபடி. அடுத்த ஐந்து நிமிடம் புதிய பகுதியை இருவரும் சேர்ந்து, ஒரே குரலில். பிள்ளை தனியாகப் போகத் தயார் என்றால் மேசையைத் தட்டட்டும்; நீங்கள் நிறுத்திவிடுங்கள். இடறினால் மறுபடி சேர்ந்துகொள்ளுங்கள். கடைசி ஐந்து நிமிடம் நீங்கள் வாசித்துக் காட்டுங்கள், அதன் நிலைக்குச் சற்று மேலான கதையை. குரல் எங்கே ஏறும், எங்கே நிற்கும் என்பதைக் காது வழியாகத்தான் பிடிக்க முடியும்.

ஒரே பகுதியை மூன்று நாள் வாசிக்கவிடுங்கள். முதல் நாள் எழுத்தோடு சண்டை. மூன்றாம் நாள்தான் கதை கேட்கும்.

திருத்துவதில்தான் பெரியவர்கள் எல்லோரும் தவறு செய்கிறோம், நானும்தான். பிள்ளை நின்றதும் சொல்லை எடுத்துக் கொடுத்துவிடுகிறோம். மனதுக்குள் ஐந்து வரை எண்ணுங்கள். அந்த ஐந்து நொடி மிக நீளமாக இருக்கும், நாக்கைக் கடித்துக்கொள்ளுங்கள். அதற்குப் பிறகும் வராவிட்டால் சொல்லின் பாதியை விரலால் மறைத்துக் காட்டுங்கள். அதற்கும் வராவிட்டால் சொல்லிவிட்டுப் போங்கள். தவறாக வாசித்துவிட்டுத் தொடர்ந்தால் வாக்கியம் முடியும் வரை காத்திருங்கள்; பொருள் இடித்தால் பிள்ளையே திரும்பி வரும். ஒருநாளைக்கு ஒரே ஒரு தவறை மட்டும் எடுத்துப் பழக்குங்கள்.

எழுதப் படிக்கத் தெரியாத அம்மாவோ பாட்டியோ இதைச் செய்ய முடியாதா? முடியும். பக்கத்தில் உட்கார்ந்து கேட்டு, "அப்புறம்?" என்று கேட்டாலே போதும். பாட்டிக்கு வாசித்துக் காட்டும் பிள்ளை, பாட்டிக்குப் புரிய வேண்டும் என்பதற்காகவே மெதுவாகவும் தெளிவாகவும் வாசிக்கும்.

8. புரிந்ததா என்று பாருங்கள், கேள்வி-பதில் வேண்டாம்

"டொமுக்கு கலாவைப் பிசித்தது." யார் பிசித்தது? டொமுக்கு. எதைப் பிசித்தது? கலாவை. பொருளே இல்லாத வாக்கியம். கேள்விக்கு நீங்கள் முழு மதிப்பெண் வாங்கிவிட்டீர்கள். பாடத்தின் பின்னால் உள்ள பல கேள்விகளுக்குப் பிள்ளைகள் இப்படித்தான் பதில் எழுதுகிறார்கள்.

வரியில் இல்லாததைக் கேளுங்கள். "மீனாவுக்கு ரொட்டி எங்கிருந்து கிடைச்சிருக்கும்?" "நாய் ஏன் வாலை ஆட்டுச்சு?" "நீயா இருந்தா போட்டிருப்பியா?" இரண்டு கேள்விக்கு மேல் வேண்டாம். விசாரணை ஆகிவிடும்.

9. எந்தப் புத்தகம்

ஒரு பக்கத்தில் ஐந்து சொல்லுக்கு மேல் தடுக்கினால் அந்தப் புத்தகத்தை இப்போதைக்கு வையுங்கள். பிரதம் புக்ஸ் 2015-இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகள் இலவசமாகக் கிடைக்கின்றன. நான்கு நிலையாகப் பிரித்திருக்கிறார்கள், முதல் நிலைக் கதை 250 சொல்லுக்குள் முடிந்துவிடும். அச்செடுத்துத் தைத்துக்கொள்ளலாம். அரசுப் பள்ளியில் படித்தால் வாசிப்பு இயக்கப் புத்தகங்களைக் கேளுங்கள்: நுழை, நட, ஓடு, பற என்று படிப்படியாக இருக்கும். நான்கு, ஐந்தாம் வகுப்புக்கு 'ஊஞ்சல்' இதழும் உண்டு.

பரணில் கிடக்கும் தாத்தா காலத்துப் புத்தகத்தைக் கொடுப்பதற்கு முன் ஒரு புரட்டு புரட்டிப் பாருங்கள். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய அச்சில் ணா, றா, னா, லை, ளை போன்றவற்றின் உருவமே வேறு. குறி இப்போதுதான் பிடிபட்ட பிள்ளைக்கு அது வேண்டாத குழப்பம்.

புத்தகம் மட்டும் இல்லை, பேருந்துப் பலகை, மளிகைச் சீட்டு, பிஸ்கட் உறை எல்லாம் வாசிப்புதான்.

10. வகுப்பறையில்

முப்பது பிள்ளைகள், ஒரே ஆசிரியர். முதல் படியில் சொன்ன சோதனைக்கு ஒரு பிள்ளைக்கு நாலு நிமிடம் என்றால் மொத்தம் இரண்டு மணி நேரம். ஒரு வாரத்துக்குப் பரப்பி முடித்துவிடலாம். தமிழக அரசின் எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகளை நிலைவாரியாக அரும்பு, மொட்டு, மலர் என்று பிரிக்கும் யோசனையும் இதுதான். ஆனால் ஜூனில் போட்ட பெயர் மார்ச் வரை ஒட்டிக்கொண்டிருக்கக்கூடாது. மாதம் ஒருமுறை மறுபடி பார்த்து இடம் மாற்றுங்கள்; இல்லாவிட்டால் அது குழு இல்லை, முத்திரை.

ஆசிரியரின் நேரம் கீழ் நிலைக் குழுவுக்குத்தான் முதலில். மேல் நிலையில் உள்ள மலர்க் குழு ஜோடியாக வாசித்துக்கொள்ளும்.

எல்லோரும் சேர்ந்து கத்தி வாசிப்பதைக் குறையுங்கள். அதில் வாசிக்கத் தெரியாத பிள்ளை மிக அழகாக ஒளிந்துகொள்ளும். அரை நொடி பின்னால் வாயசைத்தால் போதும். அதேபோல, திணறும் பிள்ளையை எழுப்பி எல்லோர் முன்னாலும் வாசிக்கச் சொல்லாதீர்கள். முந்தைய நாளே "நாளைக்கு இந்த நாலு வரி உனக்கு" என்று சொல்லி அனுப்புங்கள்.

புத்தகங்களைப் பீரோவில் பூட்டாமல் சுவரோரம் கயிறு கட்டித் தொங்கவிடுங்கள். கிழியும். கிழியட்டும்.

பெற்றோர் ஆசிரியரைப் பார்க்கும்போது "எப்படிப் படிக்கிறான்?" என்று கேட்டால் "பரவாயில்லை" என்றுதான் பதில் வரும். "டீச்சர், எந்தக் குறியில் தடுமாறுறான்? வீட்ல நான் எதைப் பழக்கட்டும்?" என்று கேளுங்கள்.

11. மூன்று மாதமாகியும் நகரவில்லை என்றால்

முதலில் கண், அப்புறம் காது. கரும்பலகைக்கு அருகே போய்ப் பார்க்கிறதா, புத்தகத்தை மூக்கருகே பிடிக்கிறதா, கூப்பிட்டால் ஒரே பக்கம் திரும்புகிறதா என்று கவனியுங்கள். கண்ணாடி போட்ட அடுத்த வாரமே வாசிக்க ஆரம்பித்த பெண் ஒருத்தியை "மந்தம்" என்று ஒரு வருடம் சொல்லிக்கொண்டிருந்தோம். அந்த வருடத்தை அவளுக்கு யார் திருப்பித் தருவது?

இரண்டும் சரியாக இருந்து, பேச்சில் கெட்டிக்காரப் பிள்ளையாகவும் இருந்து, தினமும் பழகியும் எழுத்து ஒட்டவில்லை என்றால் கற்றல் குறைபாடு இருக்கலாம். வாசிப்பதில் சிரமம் தரும் டிஸ்லெக்சியா அதில் ஒரு வகை. அதை நீங்களோ நானோ முடிவு செய்யக்கூடாது. அரசுப் பள்ளி என்றால் வட்டார வள மையத்தில் சிறப்பாசிரியர்கள் இருக்கிறார்கள். தலைமையாசிரியர் வழியாகக் கேளுங்கள். சென்னையில் மெட்ராஸ் டிஸ்லெக்சியா அசோசியேஷன் போன்ற அமைப்புகளும் இருக்கின்றன.

12. கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்

மாதக் கடைசியில் அதே நான்கு நிலைச் சோதனை, வேறு சொற்களோடு. தேதி, நிலை, செய்த தவறு, மூன்றும் ஒரு வரியில்.

நிமிடத்துக்கு எத்தனை சொல் என்று எண்ணுகிறவர்களும் உண்டு. ஒன்றிய அரசின் அடிப்படைக் கல்வித் திட்டமான நிபுண் பாரத்தின் இலக்கு, மூன்றாம் வகுப்பு முடிவில் குறைந்தது 60 சொல் என்கிறது. அது எல்லா மொழிக்கும் பொதுவாகச் சொன்னது. தமிழில் "வந்துகொண்டிருந்தார்கள்" என்பதும் ஒரே சொல்தான். கடிகாரத்தைப் பிள்ளை கண்ணில் காட்டாதீர்கள். காட்டினால் முற்றுப்புள்ளிகளை விழுங்கிக்கொண்டு ஓடும்.

மே மாத விடுமுறை முடிந்து வந்ததும் ஒரு படி கீழே இறங்கியிருக்கும். அது வழக்கம்தான். விட்ட இடத்திலிருந்து தொடங்காமல், சோதித்துப் பார்த்து, நிற்கிற இடத்திலிருந்து தொடங்குங்கள். ஜூன் முதல் இரண்டு வாரம் ஆட்டுக்குட்டி நோட்டையே எடுத்துக் கொடுங்கள், அதை வாசிக்க எந்தப் பிள்ளையும் மறுத்து நான் பார்த்ததில்லை.